‘நான்’ என்று தொடங்கி ‘இது’ என்று முடிந்த கடிதம்

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு. ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காமல் வந்ததற்காக, அதை மூன்று முறை எழுதி வரும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். இரண்டு முறை எழுதி முடித்த பதினாறு வயது வேங்கடராமனுக்கு மூன்றாவது முறை எழுத மனம் வரவில்லை. நோட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமிக்கு எரிச்சல். இப்படி இருக்கிறவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார்.

தம்பிக்குக் கோபம் வரவில்லை. அண்ணன் சொன்னது நியாயம்தானே என்று பட்டது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். அப்படியானால் போகிற வழியில் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு, பெட்டியில் 5 ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். வழியைக் காட்டியதோடு வழிச்செலவுக்கும் அவரே ஏற்பாடு செய்துவிட்டார். பையன் 3 ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு ரயிலேறினான். மூன்று நாள் கழித்துத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது அவனைத்தான்.

பக்தர்கள் அந்தக் கடிதத்தைப் பல முறை படித்திருப்பார்கள். உளவியல் படிக்கிறவர்களும் ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டிய கடிதம் அது. முதல் வாக்கியம் ‘நான்’ என்று தொடங்குகிறது. என் தகப்பனாரைத் தேடி, அவர் உத்தரவுப்படி போகிறேன் என்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே எழுதுகிறவன் தன்னை ‘இது’ என்று குறிப்பிடுகிறான். இது நல்ல காரியத்தில்தான் இறங்கியிருக்கிறது, இதற்காக யாரும் வருந்த வேண்டாம், இதைத் தேடப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று போகிறது. கடைசியில் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடு. அத்தனைக்கும் நடுவே, உன் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்ற குறிப்பும் இருக்கிறது. ‘நான்’ கரைந்துபோனதாகச் சொல்லப்படுகிற ஒரு மனம் கணக்கை மட்டும் சரியாக ஒப்படைத்திருக்கிறது.

சில வரிக்குள் ஒருவன் தன்மையிலிருந்து அஃறிணைக்கு மாறுகிறான் என்றால், அதற்கு முன்பு அவனுக்குள் என்னதான் நடந்தது?

ஆறு வாரம் பின்னால் போக வேண்டும். அதே ஆண்டு ஜூலை மாதத்தின் நடுப்பகுதி. சித்தப்பா சுப்பையரின் அந்த வீட்டு மாடி அறையில் வேங்கடராமன் தனியாக உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. கால்பந்தும் மல்யுத்தமும் விளையாடுகிற திடமான உடம்பு. தூங்கினால் நண்பர்கள் தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போட்டாலும் விழிக்காதவன் என்று பெயர். அப்படிப்பட்டவனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. இதோ சாகப் போகிறேன் என்று தோன்றியது. யாரையும் கூப்பிடவில்லை, வைத்தியரைத் தேடவில்லை. படுத்துக் கைகால்களை விறைக்க நீட்டினான். மூச்சை அடக்கி உதட்டை இறுக மூடிக்கொண்டான். சரி, இந்த உடம்பு செத்துவிட்டது. சுடுகாட்டுக்குத் தூக்கிப் போய் எரித்துவிடுவார்கள். அதோடு நானும் செத்துவிட்டேனா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டான். அசைவற்றுக் கிடந்த அந்த உடம்புக்கு அப்பால் ‘நான்’ என்ற உணர்வு முழு வலிமையோடு இருந்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். நடந்தது கொஞ்ச நேரம்தான். மரண பயம் அதன் பிறகு திரும்பவே இல்லை.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடலாம். இந்த விவரம் விரிவாக அச்சில் வந்தது பி. வி. நரசிம்ம சுவாமி எழுதிய ஆங்கில வாழ்க்கை வரலாற்றில், 1931-இல். நடந்து 35 ஆண்டுகள் கழித்து, பல சமயங்களில் சொன்னதைத் தொகுத்து, வேறொரு மொழியில் எழுதப்பட்டது. மனித நினைவு பழைய அனுபவத்தைப் பின்னால் கற்ற சொற்களால் திரும்பத் திரும்ப மெழுகும் என்பது உளவியலின் பாலபாடம். ஆனால் அந்தக் கடிதத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அனுபவம் நடந்த ஆறாவது வாரத்தில், தத்துவ நூல் எதையும் பெரிதாகப் படித்திராத ஒரு பள்ளிப் பையன், அண்ணனுக்காக அவசரத்தில் கிறுக்கியது அது. அதுவரை அவன் ஆர்வத்தோடு படித்த சமய நூல் என்றால் பெரியபுராணம்தான்.

இன்று ஒரு பதினாறு வயதுப் பையன் இந்தக் கதையோடு மனநல மருத்துவரிடம் போனால் அவர் என்ன குறித்துக்கொள்வார்? முதலில் ‘பேனிக் அட்டாக்’ என்றுதான் எழுதுவார். காரணமில்லாமல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகிற பீதி அது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு அதற்கு 13 அறிகுறிகளை வரிசைப்படுத்துகிறது. சாகப் போகிறோம் என்ற பயம் அவற்றில் ஒன்று. தன்னை விட்டுத் தானே விலகி நிற்பது போன்ற உணர்வு இன்னொன்று. இந்த விலகல் உணர்வு நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அது ‘டீபர்சனலைசேஷன்’ என்ற தனிக் கோளாறு. அந்தக் கோளாறு தொடங்கும் சராசரி வயது 16 என்கிறது 2013-இல் வந்த அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்பு.

அவசரப்பட்டு, மகான் என்றது வெறும் நோயாளியைத்தானா என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வாசல் ஒன்றாக இருப்பதால் வீடும் ஒன்றாகிவிடாது. டீபர்சனலைசேஷனில் தவிப்பவர்கள் சொல்வது வேறு. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல இருக்கிறது, நான் பொம்மை மாதிரி நடமாடுகிறேன், எதுவும் நிஜமாகப் படவில்லை என்பார்கள். அதிலிருந்து எப்படியாவது வெளியே வர வேண்டும் என்பதே அவர்கள் தவிப்பு. மதுரைப் பையன் சொன்னது நேர் எதிர். உடம்பு விலகி நின்றது. ‘நான்’ என்பதோ முன்னெப்போதையும்விட நிஜமாக இருந்தது. பயம் வந்ததும் அவன் செய்ததையும் கவனிக்க வேண்டும். பீதி வந்தவர்கள் அதிலிருந்து ஓடப் பார்ப்பார்கள், ஓட ஓட அது துரத்தும். அதனால்தான் இன்றைய நடத்தைச் சிகிச்சையில், நோயாளி எந்த உடல் உணர்வைக் கண்டு பயப்படுகிறாரோ அதையே பாதுகாப்பான சூழலில் வேண்டுமென்று வரவழைத்து நேரே பார்க்கச் சொல்கிறார்கள். வேங்கடராமன் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதையே செய்தான், அதுவும் சாவை நடித்துப் பார்க்கும் அளவுக்கு.

இன்னொரு இழையும் தொங்குகிறது. அவன் தந்தை சுந்தரமய்யர் 1892-இல், அவனுக்கு 12 வயதானபோது இறந்துபோனார். குடும்பம் சிதறியது. அம்மா ஓரிடம், அண்ணனும் அவனும் மதுரையில் சித்தப்பா வீடு. நான்கு ஆண்டு கழித்து மரணம் நேரில் வந்து நிற்கிறது. என் தகப்பனாரைத் தேடிப் போகிறேன் என்று கடிதமும் எழுதுகிறான். அந்தத் தகப்பனார் அருணாசலேசுவரர் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் உளப்பகுப்பாய்வாளர் எவரும் இந்தச் சொல்லை எளிதில் தாண்டிப் போகமாட்டார். நியாயமான வாசிப்புதான். தேடலுக்கு விதை எங்கே விழுந்தது என்பதை அது விளக்கலாம். மரத்தை விளக்க அது போதாது.

ஆன்மிக அனுபவத்தை நோய் என்று ஒதுக்காமலும் அதிசயம் என்று கும்பிடாமலும் ஆராயலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ். எடின்பரோவில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1902-இல் நூலாயின. மறைஞான அனுபவத்துக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார். வார்த்தையில் அடங்காது. ஏதோ உண்மையை அறிந்துவிட்டதான உறுதி தரும். சீக்கிரம் கலைந்துவிடும். தானாக வரும், நாம் வரவழைத்ததாக இராது. அவர் காட்டும் உதாரணங்களில் சுவையானது கவிஞர் டென்னிசன். தன் பெயரையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தால் ‘தான்’ என்கிற தனித்தன்மை கரைந்து எல்லையற்ற ஒன்றாகிவிடும் என்று கடிதம் எழுதியவர் அவர். ஜேம்ஸின் நூல் வெளிவந்த காலத்தை ஒட்டியே, தென்னாற்காடு வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை அண்ணாமலை மேல் ஏறி, பேசாமல் இருந்த இளம் துறவியிடம் ‘நான் யார்?’ என்று தொடங்கிச் சில கேள்விகள் கேட்டார். எழுத்தில் கிடைத்த பதில்கள்தான் பின்னர் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின.

ஜேம்ஸின் பட்டியலை ரமணர்மேல் வைத்துப் பார்த்தால் பாதிதான் பொருந்துகிறது. பயம் தானாக வந்தது. விசாரணை அவராகச் செய்தது. கலைந்துபோகும் என்றார் ஜேம்ஸ். இவருக்கு அது கலையவே இல்லை என்பதுதான் ரமணரின் வாக்குமூலம்.

ஃபிராய்டுக்கு இந்த ஊர்க் கதைகளில் பொறுமை இருந்ததில்லை. ராமகிருஷ்ணரின் வாழ்க்கையை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலான், கடல்போல எல்லையற்று விரியும் ஓர் உணர்வைப் பற்றி 1927-இல் அவருக்கு எழுதினார். தனக்குள் அப்படி ஒன்றைக் காண முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட ஃபிராய்டு, தாய்க்கும் தனக்கும் வேறுபாடு தெரியாத கைக்குழந்தைப் பருவத்தின் மிச்சம் அது என்று முடித்துக்கொண்டார்.

அவரிடமிருந்து பிரிந்துபோன யுங் கதை வேறு. மனிதனின் ‘நான்’ என்பது நனவு மனத்தின் மையம் மட்டுமே. நனவிலியையும் சேர்த்த முழு மனத்துக்கு வேறொரு மையம் உண்டு, அதுவே ‘சுயம்’ என்றவர் இந்த சுவிட்சர்லாந்து மருத்துவர். ‘ஆத்மா’ என்ற சொல்லுக்கு மேற்கத்திய உளவியலில் இவ்வளவு நெருங்கி வந்தவர் வேறு யாருமில்லை. இந்திய அறிவியல் காங்கிரஸின் வெள்ளி விழாவுக்கு அரசு அழைக்க, 1937 கடைசியில் இந்தியா வந்தார். கல்கத்தாவில் சீதபேதி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். தெற்கே சென்னைக்கும் வந்தார். திருவண்ணாமலை அங்கிருந்து ஒரு நாள் பயணம். போகவில்லை.

மறதியால் அல்ல. சாமியார்களைத் தாம் வேண்டுமென்றே தவிர்த்ததாகவும், தம் உண்மையைத் தாமேதான் கண்டடைய வேண்டும் என்று நினைத்ததாகவும் தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். (அடுத்த ஆண்டு, 1938-இல், ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் ரமணாசிரமத்துக்குப் போய், போன இடத்தில் மயங்கி விழுந்தார். போனவர் விழுந்தார், போகாதவர் தப்பித்தார் என்று சொல்லலாம். ஆனால் மாமுக்கு அந்த மயக்கத்திலிருந்து ஒரு நாவல் கிடைத்தது.) யுங் ரமணரைப் பார்க்காவிட்டாலும் திருவனந்தபுரத்தில் அவருடைய சீடர் ஒருவரைப் பார்த்தார். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் போன்ற எளிய மனிதர். பிள்ளைகள் நிறைய, குடும்பப் பாரம் நிறைய. ஞானத்தையும் சம்சாரத்தையும் ஒரே தோளில் சுமந்த அந்த மனிதரிடம் யுங் மனதைப் பறிகொடுத்தார். ஞானிகளைவிட இவரிடம்தான் தான் கற்க வேண்டியது இருந்தது என்று தோன்றுமளவுக்கு எழுதினார்.

அவர் இதை எழுதியது ரமணரைப் பற்றிய ஒரு ஜெர்மன் நூலின் முன்னுரையில். நூலாசிரியர் ஹைன்ரிஷ் சிம்மர் என்ற இந்தியவியல் அறிஞர். அவர் 1943-இல் இறந்துவிட, நண்பருக்காக யுங் பதிப்பித்து 1944-இல் ஜூரிக்கில் வெளியிட்டார். முன்னுரையில் மரியாதை நிறைய இருக்கிறது, ஆனால் உடன்பாடு முழுதாக இல்லை. ‘நான்’ முற்றிலும் ஒழிந்துவிட்டால் அந்த அனுபவத்தை அறிவது யார் என்பது யுங்கின் இடைவிடாத கேள்வி. ‘நான்’ வேரோடு அழிய வேண்டும் என்பது ரமணரின் வழி. ‘நானும்’ ‘சுயமும்’ கடைசிவரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது யுங்கின் வழி.

முன்னுரை அச்சான அதே 1944-இல் யுங்குக்கு மாரடைப்பு வந்தது. சாவின் விளிம்பில் கிடந்தபோது கண்ட காட்சிகளை வயோதிகத்தில் சொல்லி எழுதவைத்தார். பூமிக்கு வெகு உயரத்தில் மிதக்கிறார். நீலமாக ஒளிரும் பூமி கீழே தெரிகிறது. காலுக்கு நேர் கீழே இலங்கை, எதிரே இந்தியா. பிறகு பெரிய கல் ஒன்று. அதைக் குடைந்த கோயில். வாசலில் பத்மாசனத்தில் ஒரு இந்து. தான் அதுவரை பிடித்துவைத்திருந்த எல்லாம் ஒவ்வொன்றாக உரிந்துபோவதாக உணர்கிறார். உடல் தேறிய பிறகு ஒரு கனவு: சிறிய தேவாலயம் ஒன்றில் யோகி ஒருவர் தியானத்தில் இருக்கிறார். நெருங்கிப் பார்த்தால் யோகியின் முகம் யுங்கின் முகம். என்னைத் தியானித்துக்கொண்டிருப்பவர் இவர்தான், இவர் விழித்தால் நான் இருக்கமாட்டேன் என்ற அச்சத்தோடு விழித்துக்கொண்டார். சென்னையிலிருந்து திரும்பிப் போனவரை இந்தியா கனவில் வந்து பார்த்துவிட்டது. இதையும் பின்னாள் நினைவாகத்தான் படிக்க வேண்டும். ரமணருக்கு வைத்த அளவுகோலை யுங்குக்கு மட்டும் தளர்த்த முடியாது.

கனவும் நினைவும் போதாதென்று ஆய்வுக்கூடங்களும் இப்போது களத்தில் இருக்கின்றன. அவற்றின் வரலாற்றில் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. கனடாவின் மைக்கேல் பெர்சிங்கர் ஒரு ஹெல்மெட்டைச் செய்து, மெல்லிய காந்தப் புலத்தை மூளைமேல் செலுத்தினால் யாரோ அருகில் இருப்பதான உணர்வு வருகிறது என்றார். ‘கடவுள் ஹெல்மெட்’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. 2005-இல் சுவீடன் ஆய்வாளர்கள், காந்தம் ஓடுகிறதா இல்லையா என்பது சோதிப்பவருக்கும் தெரியாதபடி அதைச் செய்து பார்த்தார்கள். காந்தத்துக்கும் அனுபவத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. எளிதில் வசப்படும் மனம் உள்ளவர்களுக்குத்தான் அனுபவம் வந்தது. மூளையில் கடவுளுக்கென்று ஒரே ஒரு புள்ளி உண்டு என்ற பேச்சும் நிற்கவில்லை. 2006-இல் மான்ட்ரியலில் 15 கார்மலைட் கன்னியாஸ்திரீகளின் மூளையைப் படம் பிடித்தபோது பல பகுதிகள் சேர்ந்தே இயங்கின.

உறுதியாக நிற்கிற கண்டுபிடிப்புகள் இதைவிட அமைதியானவை. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக ஒரு பெண்ணின் வலது மூளையில் கோண மடிப்பு என்ற பகுதியில் ஓலாஃப் பிளாங்கே குழுவினர் மின்சாரம் பாய்ச்சியபோது, படுக்கையில் கிடக்கும் தன்னையே மேலிருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். 2002-இல் இது வெளியானது. ‘நான் இந்த உடம்புக்குள் இருக்கிறேன்’ என்று நாம் கேள்வியின்றி நம்புவதுகூட மூளை ஒவ்வொரு கணமும் கட்டிக்கொடுக்கிற ஒன்று என்பது அதன் பொருள். அதற்கு ஓராண்டு முன்புதான் மார்க்கஸ் ரெய்க்லே, நாம் சும்மா இருக்கும்போது கூடுதலாக இயங்கும் மூளை வலைப்பின்னலுக்கு ‘டீஃபால்ட் மோட்’ என்ற பெயரைக் கொடுத்திருந்தார். நேற்று அவன் அப்படிச் சொன்னானே, நாளைக்கு நான் இப்படிச் சொல்ல வேண்டும் என்று ஓயாமல் சுயபுராணம் பாடும்போது இயங்குகிற பகுதி இது. நெடுநாள் தியானம் பழகியவர்களிடம் அதன் முக்கிய மையங்கள் அடங்கியிருப்பதை யேலில் ஜட்சன் புரூவரின் குழு 2011-இல் காட்டியது.

இதை வைத்துக்கொண்டு யுங்கின் கேள்விக்குத் திரும்பலாம். ‘நான்’ என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், அதற்குள் குறைந்தது இரண்டு இருக்கிறது என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். ஒன்று பெயர், ஊர், மார்க், சம்பளம், மனக்குறை எல்லாம் சேர்ந்த கதை ‘நான்’. இன்னொன்று எந்தக் கதையும் இல்லாமல் இருக்கிறேன் என்று மட்டும் தெரிகிற வெறும் ‘நான்’. மதுரை மாடி அறையில் சுருண்டது முதலாவது, எஞ்சியது இரண்டாவது என்று படிக்க இடமிருக்கிறது. அப்படியானால் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் ‘இது’ ஆனது எது என்பதும் விளங்கும்: பெயரும் வீடும் உள்ள வேங்கடராமன். ரமணரின் நிலையை மூளைப்படம் நிரூபித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவரை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. வெறும் ‘நான்’ என்பது ஆத்மாவா, மூளையின் அடித்தள வேலையா என்பதை எந்த இயந்திரமும் சொல்லவும் முடியாது.

எல்லாருக்கும் இது நல்லபடியாக முடிவதில்லை. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கு நாடுகளில் பௌத்த தியானம் செய்யும் சுமார் 60 பேரிடம் பேசி, சிக்கலான அனுபவங்களை 59 வகையாகப் பிரித்து 2017-இல் வெளியிட்டார்கள். பயம், தூக்கமின்மை, ‘தான்’ கரைந்து திரும்பி வர முடியாத திகில் எல்லாம் அதில் உண்டு. ஒருவருக்கு விடுதலையாக இருந்ததே இன்னொருவருக்கு வதையாக இருந்திருக்கிறது. அமெரிக்கக் கையேடும் 1994-இலேயே, சமய அல்லது ஆன்மிகப் பிரச்சினை என்ற ஒரு பிரிவை நோய்ப் பட்டியலுக்கு வெளியே சேர்த்துக்கொண்டது. நம் வீடுகளில் பிள்ளை திடீரென்று வெறித்துப் பார்த்து உட்கார்ந்தால் ஒரு கூட்டம் கோயிலுக்கு இழுக்கும், ஒரு கூட்டம் ஊசி போடச் சொல்லும். சாப்பாடும் தூக்கமும் கெட்டு, பயம் நாள் கணக்கில் விடாமல் நின்றால் தயங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலிமானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம்.

ரமணரின் தொடக்க ஆண்டுகளைப் பார்த்தால் அவருக்கும் இந்த இழுபறி தெரியும். ஆயிரங்கால் மண்டபத்தின் பாதாள லிங்கக் குகையில் தொடைகளைப் பூச்சி அரிக்க, உணர்வின்றி உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து பையன்கள் கல் எறிந்தார்கள். 1898-இல் தாய் அழகம்மாள் தேடி வந்து பல நாள் அழுது கூப்பிட்டபோது, கிடைத்ததெல்லாம் ஒரு தாளில் எழுதிய சில வரி பதில். ஆன்மிக அனுபவம் பற்றிய நூல்கள் எல்லாம் அனுபவித்தவரைப் பற்றியே பேசுகின்றன. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மானாமதுரைக்குத் திரும்பிய அம்மாவின் உளவியலை யாரும் எழுதவில்லை. அவர் 1916-இல் மகனிடமே வந்து சேர்ந்தார். மலைமேல் அவர் மூட்டிய அடுப்பிலிருந்துதான் ஆசிரமச் சமையல் தொடங்கியது.

ஒரு அனுபவத்தை அதன் வேரைப் பார்த்து அளக்காமல் விளைச்சலைப் பார்த்து அளக்க வேண்டும் என்பார் ஜேம்ஸ். அந்த வகையில் ரமணரின் பிற்காலம் கவனிக்கத்தக்கது. குகையில் உணர்வற்றுக் கிடந்தவர் பிறகு விடியுமுன் எழுந்து சமையலறையில் காய் நறுக்கினார். சட்னி அரைத்தார், புத்தகம் தைத்தார், செய்தித்தாள் படித்தார், வானொலி கேட்டார். நோயில் நின்றுபோன மனம் இப்படித் திரும்பி வந்து ஐம்பது ஆண்டு இயங்குவது அரிது. இடது கையில் வந்த புற்றுநோயோடு 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறையும்வரை, பார்க்க வந்தவர்களுக்குக் கதவு அடைக்கப்படவில்லை.

சொக்கப்ப நாயக்கன் தெரு வீடு இப்போது ‘ரமண மந்திரம்’. மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். பதினாறு வயதுப் பையன் செத்துப் பார்த்த அந்த அறையில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.